பவளத் துண்டுகளுக்கென 65 லிட்டர் சிறு தொட்டி: பெரிய தொட்டியோடு இணைப்பதா, தனியே வைப்பதா?

கண்ணாடிக்கரை

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 300 லிட்டர் கொள்ளளவுள்ள கடல்நீர்த் தொட்டி ஒன்று நான்கு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலுள்ள மான்டிபோரா டிஜிட்டேட்டா என்னும் கல்பவளம், விரல் விரலாகக் கிளைத்து நீர்மட்டத்தைத் தொட்டுவிட்டதால், அதன் கீழே இருப்பவற்றுக்கு வெளிச்சம் போய்ச் சேருவதில்லை. ஹாமர் பவளம் இரண்டு தலைகளோடு வந்தது, இப்போது ஒன்பது தலைகளாகப் பிரிந்திருக்கிறது. தோல் பவளமும் பக்கத்துப் பாறையைத் தழுவத் தொடங்கிவிட்டது. எப்படியும் இவற்றை வெட்டித்தான் ஆக வேண்டும் என்பதால், வெட்டிய துண்டுகளை வளர்த்து மற்றவர்களோடு பரிமாறிக்கொள்ள ஒரு சிறு தொட்டி அமைக்க எண்ணியுள்ளேன்.

தொட்டியின் அளவு 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். நீர் 25 செ.மீ. வரை நிற்கும். உள்ளே வைக்கும் பொருள்களின் இடத்தைக் கழித்தால் ஏறத்தாழ 65 லிட்டர் வரும். பெரிய தொட்டியின் சம்ப் (நீர் வடிகட்டப்படும் துணைத்தொட்டி) பக்கத்திலேயே இருப்பதால், ஒரு குழாயை இழுத்து இரண்டையும் ஒரே நீரோட்டத்தில் சேர்த்துவிட முடியும். தனியே ஹீட்டர், பம்ப், நீர் நிரப்பும் கருவி என்று வாங்கி வைக்கவும் முடியும். இந்த ஒரு முடிவில்தான் ஒரு மாதமாக நின்றுகொண்டிருக்கிறேன். இரண்டையும் செய்து பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

உவர்நாழி

தயங்காமல் இணைத்துவிடுங்கள். சிறு தொட்டிகள் கெட்டுப்போவதற்கு முதற்காரணம் அவை சிறியவையாக இருப்பதே.

ஆவியாகும்போது நீர் மட்டுமே போகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. அகலமான, ஆழம் குறைந்த தொட்டியில் காற்றுபடும் பரப்பு மிகுதி என்பதால் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் ஆவியாவது வியப்பில்லை. உங்கள் 65 லிட்டரில் ஒன்றரை லிட்டர் போனால் ஆயிரத்துக்கு 35 என்றிருந்த உப்பளவு 35.8 ஆகிவிடும். இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் 36.7. அதே ஒன்றரை லிட்டர் 365 லிட்டரில் குறைந்தால் ஏறத்தாழ 35.1-தான் ஆகும். வெப்பநிலையும் இதே கதைதான். ஹீட்டரின் வெப்பக்கட்டுப்பாடு சிக்கிக்கொண்டு அணையாமல் நின்றுவிட்டால் 65 லிட்டர் சில மணி நேரத்தில் சூடேறிவிடும், பெரிய தொட்டியோ நீங்கள் கவனித்துக் கையை வைக்கும் வரை தாங்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெட்டுப்பட்ட பவளம் காயம்பட்ட உயிர். பிறந்து வளர்ந்த அதே நீரில், அதே காரத்தன்மையில், அதே ஊட்டச்சத்து அளவில் அது ஆறினால் விரைவாக ஆறும். குழாயை இணைத்துவிட்டால் அது உங்கள் பக்கத்து முயற்சி எதுவும் இல்லாமலே கிடைத்துவிடுகிறது. கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரும் நுண்ணுயிர் படிந்த பாறையும் ஏற்கெனவே இருக்கின்றன. தனித்தொட்டி என்றால் இவை அனைத்தையும் மீண்டும் ஒருமுறை, மிகச் சிறிய அளவில், மிகக் குறைந்த பிழைச்சலுகையோடு கட்ட வேண்டியிருக்கும்.

ஆழிநிழல்

உவர்நாழி அவர்களின் கணக்கில் பிழையில்லை. ஆனால் கண்ணாடிக்கரை எழுதியதில் ஒரு சொல்லை அவர் கடந்துபோய்விட்டார். "பரிமாறிக்கொள்ள" என்று எழுதியிருக்கிறார். பரிமாற்றம் என்றால் போவதும் உண்டு, வருவதும் உண்டு. வருகிறவை எங்கே இறங்கும்? இணைத்த தொட்டியில் இறங்கினால், நான்கு ஆண்டு வளர்த்த பெரிய தொட்டியில் இறங்கியதாகவே பொருள்.

பிறரிடமிருந்து வரும் துண்டில் என்னவெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும் என்பதை நான் சொந்தச் செலவில் கற்றவன். அக்ரோபோரா என்னும் கல்பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு அந்தப் பவளத்தின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குப் புலப்படாது. அயோடின் போன்ற கரைசலில் முக்கினால் வளர்ந்த புழுக்கள் உதிர்ந்துவிடும், ஆனால் கிளையின் அடியில் சதையற்ற எலும்புப் பகுதியில் இட்டு வைத்த முட்டைகளுக்கு ஒன்றும் ஆகாது. அவை பின்னர் பொரிக்கும். அதனால்தான் ஒருமுறை முக்கினால் போதாது என்கிறோம். துண்டு ஒட்டியிருக்கும் பழைய தாங்கியை வெட்டியெறிந்து, வாரம் ஒருமுறை மீண்டும் முக்கி, ஆறு வாரமாவது தனியே வைத்துப் பார்க்க வேண்டும். மான்டிபோராவைத் தின்னும் ஓடில்லா வெள்ளை நத்தைகளும் இதே வகையில்தான் வந்து சேரும். ஐப்டேசியா என்னும் கண்ணாடி அனிமோன் ஒன்றே ஒன்று வந்தால் போதும், அடுத்த ஆண்டு அதன் பேரப்பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

நான் முதலில் அமைத்த துண்டுத்தொட்டி இணைத்ததுதான். வசதியாகவே இருந்தது. பரிமாற்றத்தில் வந்த ஒரு துண்டோடு தட்டைப்புழு நுழைந்தது. துண்டுத்தொட்டியில் அதைக் கண்டபோது பெரிய தொட்டியின் அக்ரோபோராக்கள் அடியிலிருந்து வெளுக்கத் தொடங்கியிருந்தன. பாறையோடு படர்ந்துவிட்ட பவளத்தை எடுத்து முக்குவது எப்படி? உடைத்துத்தான் எடுத்தேன். அன்றிலிருந்து என் வீட்டில் இரண்டு தொட்டிகளுக்கும் இடையே குழாய் இல்லை. வாளி, வலை, இடுக்கி எல்லாம்கூடத் தனித்தனிதான்.

உவர்நாழி

வெளியிலிருந்து எதுவும் வராது என்றால் இணைப்பதே சரி என்ற என் கருத்தில் மாற்றமில்லை. வருமென்றால் ஆழிநிழல் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் தனித்தொட்டி அமைப்பவர் மூன்று பொருள்களில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

முதலாவது தானே நீர் நிரப்பும் கருவி. அதில் ஊற்றுவது உப்பில்லாத, வடிகட்டிக் கனிமம் நீக்கிய நீராக இருக்க வேண்டும். கரைந்த திடப்பொருளின் அளவைக் காட்டும் கருவி சுழியத்தைக் காட்டும் நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய் நீரில் மிகச் சிறு அளவில் தாமிரம் இருந்தாலும் முதுகெலும்பில்லாதவை தாங்கா. அடுத்தது ஹீட்டர். பெரிதாக ஒன்று வைப்பதைவிடச் சிறிதாக இரண்டு வைத்து, வெளியே ஒரு வெப்பக்கட்டுப்பாட்டுக் கருவியோடு இணையுங்கள். ஒன்று சிக்கிக்கொண்டாலும் தனியாகத் தொட்டியைச் சமைத்துவிடும் வலு அதற்கு இருக்காது. மூன்றாவது உப்பளவைப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர். பலரும் அதைத் தூய நீரை விட்டுச் சுழியத்தில் சரிசெய்துவிட்டு, 35-இல் அது காட்டுவதை நம்பிவிடுகிறார்கள். 35 என்ற அளவுக்கே தயாரித்த சரிபார்ப்புக் கரைசலைக் கொண்டு சரிசெய்யுங்கள், ஏனென்றால் நாம் அளக்கப்போவது அந்த இடத்தில்தான்.

கண்ணாடிக்கரை

இருவருக்கும் நன்றி. தனித்தொட்டி என்று முடிவு செய்துவிட்டேன். இனி எனக்கு விளங்காதவை இவை: நுண்ணுயிர்ச் சுழற்சி முடிய எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும்? அடியில் மணல் வேண்டுமா? துண்டுகளை அடுக்கும் தட்டை எதில் செய்வது? விளக்கை எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது?

ஆழிநிழல்

புதிதாகத் தொடங்குகிறவர் அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாகும் சுழற்சி நிலைபெற மூன்று முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. பெரிய தொட்டியின் சம்பில் கிடக்கும் பாறைகளில் இரண்டு மூன்றையும், நுண்துளைச் செங்கல் இருந்தால் அதையும் எடுத்து இங்கே வைத்துவிடுங்கள். சில நாள் அம்மோனியாவை அளந்து பாருங்கள், சுழியத்திலேயே நின்றால் தொடங்கலாம். எடுத்த பாறையை அப்படியே தண்ணீரோடு மாற்ற வேண்டும், உலரவிட்டால் அதன்மேல் இருப்பவை செத்து அவையே அம்மோனியாவாகிவிடும்.

மணல் வேண்டாம். வெறும் கண்ணாடி அடித்தளம் பார்வைக்கு வறட்சியாகத்தான் இருக்கும், ஆனால் இது காட்சிக்கான தொட்டி அன்று. அடியில் சேரும் கசடைக் குழாய் வைத்து உறிஞ்சியெடுக்க ஐந்து நிமிடம் போதும். தட்டுக்குக் குழல்விளக்குகளின் கீழே பொருத்துகிற, சதுரக் கட்டங்களாக இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தகட்டைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். கத்தரித்து, பி.வி.சி. குழாய்த் துண்டுகளைக் கால்களாக வைத்தால் தட்டு தயார். தாங்கிகளின் காம்பு அந்தக் கட்டங்களில் சரியாக அமரும். ஒரு குறை என்னவென்றால், கட்டங்களுக்குள் பாசி பிடித்தால் நத்தைகளால் நுழைந்து மேய முடியாது. ஆகவே முழு நீளத்துக்கு ஒரே தகடாகச் செய்யாமல் மூன்று நான்கு சிறு தட்டுகளாகச் செய்துகொள்ளுங்கள், ஒன்றை வெளியே எடுத்துத் தேய்க்கும்போது மற்றவை உள்ளேயே இருக்கும். காந்தத் தட்டு வாங்குவதானால் காந்தத்தின் மேற்பூச்சில் விரிசல் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். உள்ளே நீர் புகுந்து துருப்பிடித்தால் அந்தத் துரு எல்லாம் தொட்டிக்கே வரும்.

மேய்ப்பதற்கு ட்ரோக்கஸ் நத்தை நல்லது. கவிழ்ந்தாலும் தானே புரண்டு எழும். டர்போ நத்தை வலுவாக மேயும், ஆனால் இன்னும் பாறையில் பிடிக்காத துண்டுகளை உருட்டித் தள்ளிவிட்டுத் தன் வழியே போகும்.

இனி விளக்கு. ஆழம் 25 செ.மீ.தான் என்பதை மறந்துவிடாதீர்கள். பெரிய தொட்டியில் நடுவுயரத்தில் இருந்த பவளத்துக்குக் கிடைத்த ஒளியைப் போல இரண்டு மடங்கு இங்கே எளிதாகக் கிடைத்துவிடும். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் பி.ஏ.ஆர். கருவியை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். மென்பவளங்களுக்கும் ஹாமர் போன்றவற்றுக்கும் 75 முதல் 150 வரை போதும். மான்டிபோரா டிஜிட்டேட்டாவுக்கு இறுதியில் 200 முதல் 300 வரை தரலாம், ஆனால் வெட்டிய முதல் வாரத்தில் அன்று. தொடக்கத்தில் எல்லாவற்றுக்கும் 100-க்குக் குறைவாகக் கொடுத்து, வாரத்துக்குச் சிறிதாக ஏற்றிக்கொண்டு போங்கள். ஒளி நேரம் நாளுக்கு 8 முதல் 10 மணி.

நீரோட்டத்தை ஒரே திசையில் பீய்ச்சக் கூடாது. ஒரு பக்கச் சதை எப்போதும் அடிபட்டுத் தேயும், மறுபக்கத்தில் கசடு தங்கும். வேகத்தை மாற்றி மாற்றி இயங்கும் அலை பம்ப் ஒன்றைக் கண்ணாடியை நோக்கி வைத்தால், மோதித் திரும்பும் நீர் தட்டின்மேல் கலங்கலாகப் பரவும். ஹாமரின் கைகள் மெல்ல அசைய வேண்டும், எலும்பு தெரியும்படி மடங்கக் கூடாது.

சிப்பிமணல்

கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்படிப்பட்ட உரையாடல்களில் இது எப்போதும் கடைசியில்தான் வருகிறது.

பொத்தான் பவளங்கள் எனப்படும் சோவாந்திட், பேலிதோவா வகைகளில் சிலவற்றில் பேலிடாக்சின் என்னும் நஞ்சு இருக்கிறது. கடலுயிர்களில் அறியப்பட்ட மிகக் கொடிய நஞ்சுகளுள் ஒன்று அது. ஹவாயில் ஒரு பேலிதோவா இனத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்ததை 1971-ஆம் ஆண்டு அறிவியலாளர்கள் வெளியிட்டார்கள். எந்த இனத்தில் எவ்வளவு இருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது, ஆகவே எல்லாவற்றிலும் இருப்பதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும். வெட்டும்போது அது நீரைப் பீய்ச்சும், அந்த நீர் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கையில் சிறு கீறல் இருந்தாலும் உடலுக்குள் போகும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள், சுழலும் ரம்பத்தைப் பயன்படுத்தவே வேண்டாம். இதைவிட முக்கியமானது, பொத்தான் பவளம் படர்ந்த பாறையைச் சுத்தம் செய்வதற்காக ஒருபோதும் கொதிக்க வைக்கவோ அதன்மேல் வெந்நீர் ஊற்றவோ கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. வளர்ப்புப் பிராணிகளும் பாதிக்கப்பட்டிருக்கின்றன.

மற்றொன்று சட்டம். கல்பவளங்கள் அனைத்தும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் உள்ளவை. எல்லை தாண்டிப் போனால் வீட்டில் வெட்டிய விரல்நீளத் துண்டுக்கும் ஆவணம் வேண்டும். சில நாடுகளில் வைத்திருப்பதற்கே தடை உண்டு. யாருக்குக் கொடுக்கிறீர்கள், எங்கிருந்து வாங்குகிறீர்கள் என்பதை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

தாழைமடல்

இடையில் ஒரு சிறு ஐயம். துண்டு எவ்வளவு சிறிதாக இருக்கலாம்? மிகச் சிறிதாக வெட்டினால் விரைவாக வளரும் என்று எங்கோ படித்தேன். ஒட்டுவதற்கு வீட்டில் இருக்கும் சூப்பர் குளூ போதுமா?

ஆழிநிழல்

நீங்கள் படித்தது உண்மையான செய்திதான், ஆனால் அதன் இடம் வேறு. புளோரிடாவில் மோட் கடல் ஆய்வகத்தில் பணியாற்றிய டேவிட் வாகன் ஒரு பவளத்தை இடம் மாற்றும்போது அது உடைந்து, சில பாலிப்புகள் (பவளத்தின் தனித்தனி உயிர்கள்) மட்டும் தொட்டியடியில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. செத்துவிடும் என்று விட்டவை எதிர்பாராத வேகத்தில் பெருகியிருந்ததைப் பின்னர் கண்டார். அதிலிருந்துதான் நுண்துண்டு முறை வளர்ந்தது. வெட்டுப்பட்ட விளிம்பை மூடப் பவளம் விரைந்து படர்கிறது, அந்த வேகத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். பாறையை மூடிப் படரும் பெரும்பவளங்களுக்கு, நாள்தோறும் பாசியைத் துடைக்க ஆள் இருக்கும் இடத்தில், அது அருமையான முறை. நம் வீட்டில் ஒரு நகத்தளவுத் துண்டை வைத்துவிட்டு வார இறுதியில் பார்த்தால் பாசிதான் வென்றிருக்கும். மான்டிபோரா டிஜிட்டேட்டாவில் 3 முதல் 5 செ.மீ. நீளமுள்ள விரல்களாக எடுங்கள்.

அதை எலும்பு வெட்டும் இடுக்கியால் ஒரே அழுத்தில் வெட்டலாம். ஹாமரை அப்படிச் செய்யாதீர்கள். தலைகளுக்கு நடுவே அல்ல, கிளை பிரியும் இடத்துக்குக் கீழே, சதை முடிந்து வெறும் எலும்பு தெரியும் பகுதியில், நீர் சொட்டச் சொட்ட வைரத்தூள் பூசிய ரம்பத்தால் அறுக்க வேண்டும். இடுக்கியால் நெரித்தால் எலும்பு நீளவாக்கில் பிளந்து, பிளவு தலைவரை ஓடிச் சதையைக் கிழித்துவிடும். கிழிந்த ஹாமரில் பழுப்புக் கூழ் நோய் பிடித்தால் ஓரிரு நாளில் தலை முழுதும் கரைந்து போகும், அண்டைத் தலைக்கும் தாவும். வெட்டுவதற்கு முன் பம்பை நிறுத்திச் சற்றுநேரம் தொந்தரவு செய்தால் அது கைகளை உள்ளிழுத்துக்கொள்ளும், அதன் பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

பசையைப் பொறுத்தவரை, சயனோஅக்ரிலேட் என்று உறையில் எழுதியிருக்கும் கெட்டிக்கூழ் வகை வேண்டும். நீர்போல் ஓடுவது பயனில்லை. துண்டின் அடியைத் தாளால் ஒற்றி ஈரத்தை எடுத்து, தாங்கியின்மேல் தாராளமாகப் பசையிட்டு அழுத்தி, தனியே ஒரு கிண்ணத்துக் கடல்நீரில் மூழ்கவிட்டால் மேற்பரப்பு உடனே இறுகும். சில நிமிடம் வெளியே இருப்பதால் துண்டுக்குக் கேடில்லை.

தோல் பவளத்துக்கு இந்தப் பசை நிற்காது. வெட்டியவுடன் கோழை சுரந்து பசையை உதறித் தள்ளிவிடும். ஒரு சில்லுப் பாறையின்மேல் வைத்துத் தளர்வாக ரப்பர் வளையம் போடுங்கள், அல்லது பாறைச் சில்லுகள் நிரப்பிய கிண்ணத்தில் போட்டு மேலே வலையைக் கட்டி நீரோட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் தானே பிடித்துக்கொள்ளும். காளான் பவளத்துக்கும் இதே கிண்ணம்தான். தோல் பவளம் வெட்டுப்படும்போது பிற பவளங்களை வாட்டும் வேதிப்பொருள்களை நீரில் விடும் என்பதால், அந்த வாரம் மட்டுமாவது செயலூட்டிய கரியை வடிகட்டியில் வையுங்கள். அதை மான்டிபோராவோடு ஒரே நாளில் வெட்டாமல் இருப்பது இன்னும் நல்லது.

கண்ணாடிக்கரை

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். தொட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. மான்டிபோராவில் 14 துண்டுகளும், ஹாமரில் இரண்டு தலைகளும் வெட்டி வைத்தேன். தோல் பவளத்தை இன்னும் தொடவில்லை. பாறைகளைச் சம்பிலிருந்து மாற்றியதால் அம்மோனியா ஒரு நாளும் தென்படவில்லை. முதல் மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

இப்போது சிக்கல். 14 துண்டுகளில் ஒன்பதின் நுனிகள் வெளுத்துவிட்டன. அவற்றில் நான்கில் நுனிச்சதை போய் எலும்பில் மெல்லிய பாசி ஏறியிருக்கிறது. மீதி உடலின் நிறமும் மங்கிப்போய் இருக்கிறது. ஹாமர்கள் திறக்கின்றன, ஆனால் முழுதாக இல்லை. விளக்கை ஆழிநிழல் சொன்னபடியே குறைவாகத் தொடங்கினேன், இப்போது தட்டின்மேல் 140 காட்டுகிறது. வெப்பநிலை 25.5, உப்பளவு 35. ஒளி குறைவோ என்று நினைத்து ஏற்றிவிடலாமா என்றிருக்கிறேன்.

உவர்நாழி

விளக்கின்மேல் கை வைக்காதீர்கள். ஒளி போதாத பவளம் பழுப்பாகும். தன் சதைக்குள் இருக்கும் ஒற்றைச்செல் பாசிகளைப் பெருக்கிக்கொள்வதால் அந்த நிறம் வருகிறது. உங்களுடையது மங்கி வெளுக்கிறது, ஆகவே குறை வேறிடத்தில் இருக்கிறது.

எங்கிருந்து வெளுக்கிறது என்பதே பாதி விடை. விளக்கைப் பார்த்த பக்கம் மட்டும் வெளுத்தால் ஒளி மிகுதி. அடியிலிருந்து சதை உரிந்துகொண்டு மேலே போனால் புழு, நீரோட்டம், காரத்தன்மையின் திடீர் இறக்கம் என்று தேட வேண்டும். நுனி மட்டும் எரிந்ததுபோல் போனால், என் அனுபவத்தில், ஊட்டச்சத்து ஏறத்தாழ இல்லாத நீரில் காரத்தன்மை மிகுந்திருக்கிறது என்று பொருள். எலும்பு வளரும் இடம் நுனி. அதைக் கட்டக் கரைசலில் பொருள் குவிந்து கிடக்கிறது, அதைப் போர்த்தச் சதை வளர்வதற்கு உணவில்லை.

மூன்று அளவுகளைச் சொல்லுங்கள்: இரண்டு தொட்டிகளின் காரத்தன்மை, சிறு தொட்டியின் நைட்ரேட், பாஸ்பேட். வாரந்தோறும் மாற்றும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லுங்கள்.

கண்ணாடிக்கரை

பெரிய தொட்டியின் காரத்தன்மை 8.2 டி.கே.ஹெச். (காரத்தன்மையின் அலகு), நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.06. சிறு தொட்டி 11 டி.கே.ஹெச்., நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இரண்டு முறை அளந்தும் சுழியமே காட்டின. நீரைப் புதிதாக உப்புக் கலக்கித்தான் மாற்றுகிறேன், வாரம் 20 விழுக்காடு. நான் வாங்கும் உப்பைக் கலக்கினால் 11.4 வருகிறது என்பதை இன்றுதான் அளந்து பார்த்தேன். நான்கு ஆண்டுகளாகப் பெரிய தொட்டியில் அதே உப்பைத்தான் போட்டு வருகிறேன், அங்கே பவளங்கள் நிறைய இருந்து உறிஞ்சிவிட்டதால் இதுவரை என் கண்ணில் படவில்லை.

சிப்பிமணல்

இதற்கு விலை கொடுத்து வாங்க வேண்டிய மருந்து எதுவும் இல்லை. பெரிய தொட்டியிலிருந்து எடுத்து வெளியே கொட்டும் நீரைச் சிறு தொட்டிக்கு ஊற்றுங்கள். பெரியதற்கு மட்டும் புது நீர் கலக்குங்கள். சிறியதிலிருந்து எடுத்ததைச் சாக்கடையில் விட்டுவிடுங்கள். நீர் ஒரு திசையில் மட்டுமே போகும், ஆகவே ஆழிநிழல் அஞ்சிய புழு பெரிய தொட்டிக்கு வர வழியில்லை. உவர்நாழி விரும்பிய பழகிய நீரும் துண்டுகளுக்குக் கிடைத்துவிடும். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், நஞ்சைப் பற்றி எழுதும் அவசரத்தில் விட்டுப்போயிற்று.

மீனே இல்லாத தொட்டியில் ஊட்டச்சத்து சுழியத்தைத் தொடுவது வியப்பில்லை. சிறு கோபி மீன் ஒன்றை விட்டு அதற்கு நாள்தோறும் உணவு கொடுத்தால், அது தின்று கழிப்பதே பவளங்களுக்குப் போதுமானதாக இருக்கும். சுழியத்திலேயே நீண்ட நாள் நின்றால் டைனோ எனப்படும் பழுப்புச் சளி படர வாய்ப்பு மிகுதி, அது வந்தால் இப்போதிருப்பதைச் சிக்கல் என்றே சொல்ல மாட்டீர்கள்.

உவர்நாழி

ஒருவழி நீர் என்பது நல்ல வழி, நான் எழுதவிருந்ததைவிட எளிது. அவசரப்பட்டு அமிலம் ஊற்றிக் காரத்தன்மையை இறக்க வேண்டாம். வாரம் 20 விழுக்காடு 8.2 நீரை மாற்றினால் 11 என்பது 10.4 ஆகும், பிறகு 10, அதன் பின் 9.6. துண்டுகள் உறிஞ்சுவதும் சேர்ந்தால் இன்னும் சற்று விரைவாக இறங்கும். அந்த வேகமே அவற்றுக்குப் பாதுகாப்பானது. எரிந்த நுனிகளைச் சற்றுக் கீழே, நலமான சதை தொடங்கும் இடத்தில் வெட்டி எறிந்துவிடுங்கள், பாசி ஏறிய எலும்பின்மேல் சதை திரும்பப் படர்வது அரிது.

இறங்கி 8 பக்கம் வந்ததும் எதிர்த்திசைச் சிக்கல் தொடங்கும், அதற்கு இப்போதே ஆயத்தமாகிக்கொள்ளுங்கள். துண்டுகள் வேகமெடுத்தால் நாளுக்கு 0.3 டி.கே.ஹெச். குறையலாம், வாரத்துக்கு 2.1. அதை நீர் மாற்றத்தால் ஈடுகட்ட முடியாது. 6.1-க்கு இறங்கிவிட்ட தொட்டியில் 20 விழுக்காடு 8.2 நீரை ஊற்றினாலும் 6.5-தான் வரும். ஆகவே நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். உங்கள் 65 லிட்டரில் ஒரு டி.கே.ஹெச். உயர்த்தச் சோடியம் பைகார்பனேட், அதாவது கலப்படமற்ற சமையல் சோடா, ஏறத்தாழ 2 கிராம் போதும். பவளம் எலும்பு கட்டும்போது ஒவ்வொரு டி.கே.ஹெச்.க்கும் லிட்டருக்கு 7 மில்லிகிராம் அளவில் கால்சியத்தையும் எடுத்துக்கொள்கிறது. அதை ஈடுசெய்ய இரட்டை நீரேறிய கால்சியம் குளோரைடு 1.7 கிராம். இரண்டையும் தனித்தனிக் குப்பியில் கரைத்து, வேறுவேறு நேரத்தில், நீரோட்டம் மிகுந்த இடத்தில் ஊற்றுங்கள். ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் ஊற்றினால் சுண்ணாம்பாகப் படிந்து கண்ணெதிரே வெண்மையாகிவிடும்.

அளக்காமல் ஊற்ற வேண்டாம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் மூன்று நாள் தொடர்ந்து அளந்தால்தான் உங்கள் தொட்டி எவ்வளவு உறிஞ்சுகிறது என்பது தெரியும். காரத்தன்மையை நாளுக்கு 1 டி.கே.ஹெச்.க்கு மேல் ஏற்றாதீர்கள். கால்சியம் 400 முதல் 450, மெக்னீசியம் 1250 முதல் 1350 என்ற அளவுக்குள் இருந்தால் அவற்றைப் பற்றி நாள்தோறும் கவலைப்பட வேண்டியதில்லை.

தாழைமடல்

இதைப் படித்துவிட்டு என் உப்பையும் கலக்கி அளந்தேன். 7.9 வருகிறது. உறையில் வேறு எண் அச்சிட்டிருக்கிறது. மூட்டையின் அடியில் கனமான துகள்கள் தங்கிவிடும் என்பதால் இனிப் புரட்டிக் கலக்கிவிட்டுத்தான் எடுக்கப் போகிறேன்.

கண்ணாடிக்கரை

மேலும் ஒன்பது வாரம் கடந்துவிட்டது. பெரிய தொட்டியின் நீரையே மாற்றி வருகிறேன், கோபி ஒன்றும் குடியேறிவிட்டது. ஐந்தாம் வாரத்தில் காரத்தன்மை 8.4-க்கு வந்தது. நைட்ரேட் 4, பாஸ்பேட் 0.03. நுனி வெட்டியெறிந்த ஒன்பது துண்டுகளில் ஆறு பிழைத்தன, மூன்று போயின. எரியாத ஐந்தும் தாங்கியின் மேற்பரப்பை முழுதாக மூடிப் படர்ந்துவிட்டன. உயரத்தில் ஒன்றும் தெரியாததால் வளரவில்லை என்று எண்ணியிருந்தேன். அடியில் தன் பிடியைப் பரப்பிக்கொண்ட பிறகே அவை மேல்நோக்கிக் கிளைக்கின்றன என்பதைத் தாங்கியின் விளிம்பில் பென்சில் கோடு போட்டு வைத்த பிறகுதான் கண்டேன். மூன்று துண்டுகளில் இப்போது வெள்ளைப் புள்ளிபோல் புது நுனிகள் எழும்பியிருக்கின்றன, இவை எரிந்த வெண்மை அல்ல என்று பாலிப்புகள் தெரிவதால் உறுதி செய்துகொண்டேன்.

சென்ற வாரம் மூன்று நாள் தொடர்ந்து அளந்ததில் நாளுக்கு 0.2 குறைகிறது. 0.4 கிராம் சோடாவும் அதற்கேற்ற கால்சியமும் கரைத்து, சோடாவைக் காலையிலும் கால்சியத்தை மாலையிலும் ஊற்றத் தொடங்கியிருக்கிறேன். ஹாமரின் இரண்டு தலைகளில் ஒன்று வாய் நீண்டு இரண்டாகப் பிரியப் பார்க்கிறது.

தோல் பவளத்தை வரும் வாரம் வெட்டுகிறேன். கரி வாங்கிவிட்டேன். கிண்ணத்துக்கு மேல் கட்டும் வலையின் கண்ணி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று யாராவது சொல்லுங்கள், கோபி உள்ளே புகுந்து சில்லுகளைத் தோண்டும் போலத் தெரிகிறது.

ஆழிநிழல்

அரை செ.மீ. கண்ணி போதும். அதைவிடச் சிறிதானால் நீரோட்டம் தடைபட்டு, வெட்டிய முகம் அழுகத் தொடங்கும். வலையைக் கிண்ணத்தின் வாயோடு இழுத்துக் கட்டுங்கள், துண்டைத் தொடும்படி தொய்யவிடாதீர்கள். கோபி எப்படியும் தோண்டப் பார்க்கும், அதற்காகக் கிண்ணத்தின் வெளியே ஒரு கைப்பிடி சில்லு போட்டு வையுங்கள்.